பௌர்ணமி ஒப்படைப்பு

வெள்ளரிப்பிஞ்சில் தடவிய மிளகாய்த்தூள் உதட்டில் எரிந்துகொண்டிருந்தது. நான் அழாமல் இருக்க மாமா வாங்கிக் கொடுத்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவும் அவள் அண்ணனான மாமாவும் நானும் திருவண்ணாமலைக்கு வெளியே ஒரு பொட்டல் நிலத்தில், வெயிலில் நின்று அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தோம்.

பிள்ளைகளே, என் அம்மாவும் அப்பாவும் அந்த வருஷம் பிரிந்துவிட்டார்கள். நானும் அம்மாவும் கீழ்பென்னாத்தூரில் மாமா வீட்டில் இருந்தோம். அப்பா அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் டீக்கடை வைத்திருந்தார். நான் அம்மாவிடம் இருப்பது, மாதம் ஒரு நாள் அப்பாவிடம் போவது என்று, கேஸ் நடந்துகொண்டிருக்கும்போதே கோர்ட்டில் முடிவானது. எந்த நாள் என்ற பேச்சு வந்தபோது மாமாதான், "தேதின்னா மறந்துடுவீங்க, பௌர்ணமின்னா சின்னப் புள்ளைக்கும் தெரியும்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள், அப்பாவும்தான். பௌர்ணமி காலை பத்து மணிக்கு, திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் "ஒப்படைப்பு" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. பௌர்ணமிக் கூட்டத்துக்காகப் பஸ்ஸை ஊருக்குள் விடாமல் வெளியே ஒவ்வொரு ரோட்டிலும் "தற்காலிக பஸ் ஸ்டாண்டு" போட்டுவிடுவார்கள் என்பது, அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த எங்களில் ஒருவருக்கும் அப்போது தோன்றவில்லை.

முதல் தடவையே சித்திரைப் பௌர்ணமியாக அமைந்துவிட்டது. எங்கள் பஸ் அந்தப் பொட்டலிலேயே நின்றுவிட்டது. ஆளுக்கொரு போன் இருந்த காலமும் இல்லை. பதினொரு மணி ஆனதும் மாமா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு இதுதான் பஸ் ஸ்டாண்டு, ஆள் வரவில்லை, அடுத்த "வாய்தா"வுக்குக் கோர்ட்டில் நிற்கும்போது இதைச் சொன்னால் பையனை அனுப்புகிற வேலையே இருக்காது என்று நிதானமாகச் சொன்னார்.

அம்மா என் கையைப் பிடித்தாள். "உள்ள பஸ் ஸ்டாண்டுல நிப்பாருண்ணா. நான் கூட்டிக்கினு போறேன்."

"போனீன்னா நம்ம பேச்சு கோர்ட்டுல எடுபடாதும்மா. அப்புறம் என்னைக் கேக்காத."

அம்மா நடக்க ஆரம்பித்தாள். மாமா வரவில்லை. இரண்டு இடத்தில் போலீஸ்காரர்கள் தடுப்பைக் காட்டி வேறு தெருவுக்குத் திருப்பிவிட்டார்கள். கூட்டத்தில் தொலைந்துவிடுவேனோ என்று அம்மா பிடித்த பிடியில் என் விரல் வலித்தது. அப்பா அங்கே இல்லாவிட்டால் மாமா சொன்னதுதான் நடக்கும், இனிமேல் அப்பாவைப் பார்க்கவே முடியாது என்ற பயத்தில் நான் வலிக்கிறதென்றும் சொல்லவில்லை.

ஒரு பஸ்கூட இல்லாத பஸ் ஸ்டாண்டில், மாதத்தில் வியாபாரம் நடக்கிற ஒரே நாளில் கடையைச் சாத்திவிட்டு வந்து, அப்பா நின்றுகொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பஸ்ஸு உள்ள உடலை" என்றாள் அம்மா.

"தெரியும். தேடிக்கினு நான் அங்க வந்து, நீ இங்க வந்துட்டீன்னா? அதான் நவுராம நின்னுட்டேன்."

அம்மா என் பையை அவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அடுத்த வாய்தாவில், சொன்ன நேரத்துக்கு அவர் வரவில்லை என்று மாமா ஆரம்பிக்கும்போதே அம்மா எழுந்துவிட்டாள். "அவரு வந்தாருங்க. நாங்கதான் லேட்டு." நீதிபதி விவரம் கேட்டுவிட்டு, பௌர்ணமியை எடுத்துவிட்டு இரண்டாவது ஞாயிறு என்று மாற்றினார். மாமா அதன்பிறகு இரண்டு மாதம் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாங்கள் சாப்பிட்டதோ அவர் வீட்டில்.

நான் பெரியவனாகி, போ என்று சொல்ல எந்தக் காகிதமும் இல்லாத பிறகும், அந்த ஞாயிறுகளில் அப்பாவிடம் போய்க்கொண்டுதான் இருந்தேன். கடை இருந்த இடத்தில் இப்போது லாட்ஜ் கட்டியிருக்கிறார்கள். அப்பாவும் போய்விட்டார். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு இன்னும் எனக்கு விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. கிளம்பிப் போகத்தான் இடமில்லை.