தொப்பைப் பட்டாளம்

ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாடையும் காப்பி மணமும் கலந்து கிடக்கும் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்து எங்கள் வீட்டுச் சமையலறையில், அறுபதுகளின் நடுவில் ஒருநாள், அப்பா ஒரு படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார். அங்கே பல்கலைக்கழகத்தில் அவர் வரலாற்று ஆய்வாளர். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஊர்க்காவல் படையில் சேர்ந்த கடைக்காரர்களைக் கேலி செய்து அச்சடித்த படங்கள்தான் அவருடைய ஆராய்ச்சி. பழைய சாமான் சந்தையில் அகப்பட்ட அந்தத் தாளில், ரொட்டிக்காரர் ஒருவர் தொப்பையில் பொத்தான் தெறிக்க நின்றார். தையற்காரர் வாளுக்குப் பதில் கத்தரிக்கோலைச் செருகியிருந்தார். கடைசியில், கணுக்கால்வரை தொங்கும் கோட்டுக்குள், மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அம்மா அதற்குத் "தொப்பைப் பட்டாளம்" என்று பேர் வைத்தாள். சாப்பிடும்போதெல்லாம் அதைப் பார்த்துச் சிரிப்போம்.

வீட்டுக்கார அம்மாள் ஹில்டா மாடியில் தனியாக இருந்தார். நான் அவரை "டான்ட்டெ" என்பேன்; அங்கே அத்தைக்கு அதுதான் சொல். ஞாயிறுதோறும் அம்மாவின் காப்பிக்கு இறங்கி வருவார். அம்மாவுக்கு ஜெர்மன் வராது. பள்ளிக்கூடத்தில் கற்றிருந்த நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து மாற்றி மாற்றிச் சொல்வேன்.

படத்தை முதலில் கண்டதும் ஹில்டா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு அந்த மூக்குக்கண்ணாடிக்காரரின் மேல் விரல் வைத்தார். விரலை எடுக்கவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது, நீர் நிற்கவில்லை. மெதுவாகப் பேசினார், நான் தமிழில் சொன்னேன்.

அவர் கணவர் செருப்புத் தைப்பவர். கண் சரியாகத் தெரியாததால் இரண்டாம் உலகப் போர் முழுக்க அவரைப் பட்டாளத்துக்கு எடுக்கவில்லை. தோற்கப்போகிற கடைசி வசந்தத்தில், கிழவர்களையும் நோயாளிகளையும் கூடத் திரட்டியபோது, கையில் ஒரு பட்டையைக் கட்டி, யாரோ போட்ட பெரிய கோட்டையும் பழைய துப்பாக்கியையும் கொடுத்து அழைத்துப் போனார்கள்.

"வாசல்ல நின்னு திரும்பிப் பார்த்தாராம்மா. அந்தக் கோட்டுல அவரைப் பார்த்ததும் இவங்களுக்குச் சிரிப்பு வந்துடுச்சாம்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "அவர் என்ன சொன்னாராம், கேளு."

கேட்டேன். "அவரும் சிரிச்சாராம். சாயங்காலம் வந்துடறேன்னு சொன்னாராம்."

அவர் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அப்பா எழுந்து படத்தைக் கழற்றப் போனார். ஹில்டா தடுத்தார். அந்தக் கோலத்தில் அவரைப் பார்க்கத் தன்னிடம் வேறு படம் இல்லை என்றார். அதன்பின் ஞாயிறுகளில் அதன் எதிரிலேயே உட்கார்ந்துகொள்வார். நாங்கள் சென்னைக்குத் திரும்பியபோது அப்பா, ஆராய்ச்சி முடியாத நிலையிலும், அதைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டார்.

போன வருடம் அந்த ஊருக்குப் போனேன். வீடு இருந்த இடத்தில் கார் நிறுத்துமிடம். படம் யாரிடம் போனதென்று சொல்ல ஆளில்லை. இடுகாட்டில் ஹில்டாவின் கல்லறை எங்கே என்று விசாரித்தேன். அங்கே கல்லறைக்குத் தவணை உண்டாம். புதுப்பிக்க உறவினர் இல்லையென்றால் கல்லைப் பெயர்த்துவிடுவார்களாம். காவலர் கை காட்டிய இடத்தில் புல் ஒரே சீராக வெட்டப்பட்டிருந்தது. கொண்டுபோன பூக்களை எந்தப் பக்கம் வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.