யார் வென்றது?

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஊரில் பத்திரிகைக்கு விளையாட்டுச் செய்தி எழுதியவர். லண்டனில் கிங்ஸ்பரிப் பக்கம் பெற்றோல் அடிக்கும் ஒரு செட்டில் வேலை. தொழில் மாறினாலும் கோபம் மாறவில்லை. கடையில் சும்மா கிடைக்கும் தமிழ்ப் பத்திரிகையை எங்கள் ஹரோ வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரித்து, விளையாட்டுப் பக்கத்தைச் சிவப்புப் பேனையால் குதறுவார். 'அனல் பறக்கும் பந்துவீச்சு' என்று கண்டால் அவருக்கு அன்று சோறு இறங்காது. ஓட்டங்களைக் கூட்டிப் பார்த்து, மிச்சம் பத்து எங்கே என்று அம்மாவைக் கேட்பார். அம்மா பாவம், அவரா எடுத்து வைத்திருந்தார்?

அந்தக் கோடையில் பழைய மாணவர் சங்கம் கிரிக்கெட் போட்டி நடத்தியது. அப்பாதான் செயலாளர். செய்தி எழுதும் வேலை மாமாவுக்கு வந்தது. தலைப்புக்குக் கீழே தன் பெயர் வரவேண்டும் என்பது மட்டுமே அவர் கேட்டது. லண்டனிலும் எழுதுகிறேன், அச்சானதும் அனுப்புகிறேன் என்று ஊரிலுள்ள பழைய பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதமும் போட்டுவிட்டார். மூன்று நாள் எழுதினார், கிழித்தார், திரும்ப எழுதினார். சனிக்கிழமை வகுப்பில் தமிழ்த் தட்டச்சுப் பழகிய பத்து வயதுக்காரி நான். கணினியில் அடிப்பது என் பொறுப்பு.

"ஆர் வெண்டதெண்டு முதல் வரியிலயே வரவேணும். இடம் காணாட்டி அவங்கள் கீழயிருந்துதான் வெட்டுவாங்கள்," என்றார்.

அவர் ஷிப்டுக்குப் போனதும் அப்பா வந்து எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. மங்கல விளக்கேற்றியவர்கள் எங்கே? வரவேற்புரை எங்கே? சோற்றுப் பார்சல் தந்த குடும்பம் எங்கே?

"இவையின்ர பேர் முதல்ல வராட்டி அடுத்த வருசம் ஒருத்தரும் வரமாட்டினம், பிள்ளை. எங்கட வீட்டு ஆளின்ர பேர் மேல நிண்டாலும் வடிவில்லை. அதையும் முடிவையும் கடைசியில போடு."

முப்பத்திரண்டு பெயர்களை மேலே ஏற்றினேன். மாமாவிடம் மூச்சு விடவில்லை. அப்பா ஐஸ்கிரீம் வாங்கித் தந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. மாமா சொன்னபடியே கீழேயிருந்துதான் வெட்டியிருந்தார்கள். விளக்கு எரிந்தது, வரவேற்புரை நடந்தது, பார்சல் கொடுத்தார்கள், நாணயம் சுண்டினார்கள். அத்தோடு செய்தி முடிந்தது. நாணயம் நிலத்தில் விழக்கூட இல்லை.

அப்பாவைப் பாராட்டி மூன்று தொலைபேசி அழைப்புகள் வந்தன. நாலாவது ஆள் யார் வென்றது என்று கேட்டார். அப்பா தொலைபேசியை மாமாவிடம் நீட்டினார். மாமா முழு விபரத்தையும் ஒப்புவித்துவிட்டு வைத்தார். வீடு இரண்டாகப் போகிறது என்று நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"ஆர் பிள்ளை மாத்தினது?" என்று மட்டும் கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா யன்னலைப் பார்த்தார்.

மாமா செய்தியைக் கத்தரித்து வெள்ளைத் தாளில் ஒட்டினார். அடியில், யார் வென்றது என்ற விபரத்தைப் பொடி எழுத்தில் எழுதினார். மேலே தலைப்புக்குக் கீழே இருந்த இடுக்கில் தன் பெயரை அச்செழுத்துப் போல மெல்ல மெல்ல எழுதி, ஊருக்குப் போகும் உறைக்குள் வைத்தார்.

மாமாவுக்குத் திருத்தாமல் இருக்க ஏலாது என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. சிவப்புப் பேனை பக்கத்திலேயே கிடக்க, அவர் ஏன் கறுப்புப் பேனையைத் தேடி எடுத்தார் என்று நான் யோசிக்கவேயில்லை.