மேடையில் கேட்டவரும் வீட்டில் கண்டவரும்

1991ஆம் ஆண்டு, ஆனி மாதம். உரும்பிராயில் ஒரு சின்ன வீட்டில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். எனக்கு இருபத்தெட்டு வயது, கூட்டுறவுச் சங்கக்கடையில் கிளாக்கர் வேலை. மனைவிக்கு அது முதல் பிள்ளை, ஒன்பதாம் மாதம். பேறு பார்க்க வரவேண்டிய மாமி கிளிநொச்சியில் இருந்தார். பாதை எல்லாம் பூட்டு. கடல்நீரேரியைத் தாண்டி வருகிற துணிச்சல் அவருக்கு இல்லை. வா என்று கூப்பிடுகிற துணிச்சல் எங்களுக்கும் இல்லை.

ஒரு நாள் காலை பத்து மணியிருக்கும், மனைவிக்குப் பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது. ஓடிப்போய் ஊர் மிட்வைஃப் அக்காவைக் கூட்டிவந்தேன். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தம்பி, பிள்ளை குறுக்கை கிடக்கு. இஞ்சை வைச்சு நான் ஒண்டும் செய்யேலாது. உடனை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகோணும். சுணங்கினால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து."

சந்திக்குச் சைக்கிளில் பறந்தேன். வழக்கமாக இரண்டு ஹயர் கார் நிற்கும். அன்று விடியவே பொம்மர் விமானம் வந்து ஒரு தரம் சுற்றிவிட்டுப் போயிருந்ததால் இரண்டும் இல்லை. கடைகளும் பாதி பூட்டு. தேத்தண்ணிக் கடைக்காரர்தான் சொன்னார்: "இப்ப ஓடுற நிலையிலை ஒரே ஒரு கார் இருக்கு. அது ஆரின்ரை எண்டு உமக்குத் தெரியும்தானே."

தெரியும். அதுதான் பிரச்சினை.

எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது ஒழுங்கையில் ஒருவர் இருந்தார். அறுபது வயது மதிக்கலாம். ஒரு காலத்தில் தேர்தல் மேடைகளில் பேர் போன பேச்சாளர். காலம் மாறி, மேடைகளும் மாறின பிறகு, பட்டணத்து வீட்டை விட்டு உரும்பிராய்க்கு வந்து ஒதுங்கியிருந்தார். ஒருவரோடும் கதைக்கமாட்டார். "பேசிப் பேசியே எங்களை இந்த நிலைக்குக் கொண்டு வந்த ஆள்" என்பதுதான் எங்கள் வயதுப் பெடியங்களின் தீர்ப்பு. நான் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தேன். தேத்தண்ணிக் கடை வாங்கில் ஏறி நின்று, அவரைப் போலவே இரண்டு கையையும் தூக்கி, "பெரியோர்களே... தாய்மார்களே..." என்று இழுத்து, நடுவில் அவர் இருமுகிற இருமலையும் சேர்த்துப் பேசிக் காட்டுவேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒரு நாள் அப்படிப் பேசிக்கொண்டு நிற்கும்போதே அவர் பாண் வாங்க வந்து என் பின்னால் நின்றிருக்கிறார். நான் திரும்பிப் பார்த்தபோது பாணை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த மனிதரின் வீட்டுப் படலையில்தான் நான் போய் நின்று கத்தினேன்.

அவர் வெளியே வர இரண்டு மூன்று நிமிடம் எடுத்தது. சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். கையில் கஞ்சி ஒட்டியிருந்தது. உடம்பில் யூக்கலிப்டஸ் எண்ணெய் மணத்தது. நான் மூச்சு வாங்க வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் என்னை அடையாளம் கண்டுகொண்டது தெரிந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "ஓம், கொண்டு போவம். எனக்கொரு பத்து நிமிசம் தாரும் தம்பி" என்றார்.

பத்து நிமிடம்! அவர் உள்ளே போய்விட்டார். எதையோ தரையில் இழுக்கிற சத்தம். பிறகு தாழ்ந்த குரலில் யாரோடோ கதைக்கிற சத்தம். அவருடைய மனைவி சுகமில்லாதவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். என்ன சுகமில்லை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. என் மனம் வேறு விதமாகக் கணக்குப் போட்டது. பழைய கோபத்துக்கு என்னைக் காக்க வைக்கிறார் என்று நினைத்தேன்.

"ஐயா, அங்கை ரெண்டு உயிர் போகுது! நீங்கள் உள்ளை என்ன செய்யிறியள்?" என்று படலையை அடித்துக் கத்தினேன்.

"வாறன் தம்பி, வாறன்" என்று மட்டும் குரல் வந்தது.

வந்தார். வாசல் கதவைச் சாத்தாமல் அகலத் திறந்தே விட்டுவிட்டு வந்தார். ஷெட்டில் அவருடைய பழைய மொறிஸ் மைனர் நின்றது. பெற்றோல் இல்லாத காலம் என்பதால் எல்லாக் காரும் மண்ணெண்ணெயில்தான் ஓடும். ஆனால் இஞ்சினைக் கிளப்பக் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். ஒரு சின்ன மருந்துப் போத்தலில் வைத்திருந்ததை எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டார். நான் முன்னால் நின்று ஹான்டிலைப் போட்டுச் சுழற்றினேன். நாலாவது தரம்தான் கிளம்பியது.

எங்கள் வீட்டுக்கு வந்து மனைவியைப் பின்சீற்றில் படுக்க வைத்தோம்; தலையை மிட்வைஃப் அக்கா மடியில் வைத்துக்கொண்டார். நான் முன்னால். பலாலி வீதியால் யாழ்ப்பாணம் நோக்கிப் போனோம். வழியெல்லாம் அவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பள்ளம் வரும் இடத்தில் மட்டும் மெதுவாக்கி, மற்ற இடமெல்லாம் விரட்டினார். மனைவி முனகுவாள். ஒவ்வொரு முனகலுக்கும் நான் திரும்பிப் பார்ப்பேன். அவள் முகம் வெளிறிக்கொண்டே போனது.

கோண்டாவிலைக் கிட்டியபோது வானத்தில் இரைச்சல் கேட்டது. வீதியில் நின்ற சனம் சிதறி ஓடியது. அவர் காரை ஒரு புளியமரத்தின் கீழே விட்டு நிறுத்தினார். எங்களால் ஓட முடியாது. மனைவியை இறக்கி வீதியோரக் கானுக்குள் படுக்க வைக்கவும் முடியாது. அப்படியே காருக்குள் இருந்தோம். மிட்வைஃப் அக்கா என் மனைவியின் மேல் குனிந்து மூடிக்கொண்டார். இரைச்சல் எங்கள் தலைக்கு மேலே வந்து, பிறகு வந்த வழியே வடக்கே திரும்பியது. கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து இரண்டு பெரிய சத்தம். தரை அதிர்ந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். உரும்பிராய்ப் பக்கம் கறுப்புப் புகை எழும்பியது.

அவர் திரும்பவில்லை. கண்ணாடியில் அந்தப் புகையையே பார்த்துக்கொண்டு இருந்தார். மறுபடி மணிக்கூட்டைப் பார்த்தார். கார் நகரவில்லை.

"உங்களுக்குப் பயமெண்டால் இறங்கி ஓடுங்கோ ஐயா. நான் ஓடிக்கொண்டு போறன்" என்றேன். எனக்குக் கார் ஓடவே தெரியாது.

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. "ஓம் தம்பி, எனக்குச் சரியான பயம்தான்" என்றார். கியரைப் போட்டார்.

அதன்பிறகு ஆஸ்பத்திரி வாசல் வரை அவர் காரை எங்கும் நிறுத்தவில்லை. அங்கே போனதும் என்னோடு சேர்ந்து மனைவியைத் தூக்கி ட்றொலியில் ஏற்றினார். டொக்டர் வந்து பார்த்துவிட்டு உடனே ஒப்பறேசன் என்றார். கையெழுத்து வாங்கினார்கள். தியேட்டர் கதவு மூடியது. நான் திரும்பியபோது அவரைக் காணவில்லை.

"போயிட்டாரோ?" என்று மிட்வைஃப் அக்காவிடம் கேட்டேன். என் குரலில் இளக்காரம் இருந்திருக்க வேண்டும். அவர் என்னை உறுத்துப் பார்த்தார்.

"தம்பி, உமக்கு உண்மையா ஒண்டும் தெரியாதே? அவரின்ரை மனுசிக்குப் பாரிசவாதம். மூண்டு வருசமாக் கிடந்த கிடை. தானாத் திரும்பிப் படுக்கவும் ஏலாது. பங்கர்க் குழிக்குள்ளை இறக்கவும் ஏலாது. வீட்டிலை வேறை ஒருத்தரும் இல்லை. அந்த மனுசியைத் தனிய விட்டிட்டுத்தான் உம்மடை மனுசியைக் கொண்டு வந்தவர்."

படியிறங்கி வாசலுக்கு ஓடினேன். அவர் இன்னும் போகவில்லை. கார் கிளம்பவில்லை. போத்தலில் இருந்த கடைசிச் சொட்டையும் விட்டு, தனியாக ஹான்டிலோடு போராடிக்கொண்டு இருந்தார். சேட்டு முழுக்க வியர்வை.

"ஐயா, நானும் வாறன்" என்றேன்.

"விசர்க் கதை கதையாதையும். நீர் உம்மடை மனுசியோடை நில்லும். கண் முழிச்சால் உம்மைத்தான் தேடும்" என்றார். பிறகு, "ஒருக்கால் தள்ளிவிடும்" என்றார்.

தள்ளினேன். வாசலில் நின்ற இரண்டு பேரும் வந்து சேர்ந்து தள்ளினார்கள். இருமி இருமிக் கார் கிளம்பி, வளைவில் மறைந்தது.

அன்று பின்னேரம் எனக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம் என்றார்கள். பிள்ளையைக் கையில் வாங்கியபோது அழுதேன். பார்த்தவர்கள் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். எனக்குப் பயம். உரும்பிராயில் குண்டு விழுந்தது என்று வருகிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எந்தப் பக்கம் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடம் சொன்னார்கள். ஒருவர் எங்கள் ஒழுங்கைப் பக்கம் என்றார். என் பிள்ளை உயிரோடு கையில் கிடக்க, அதற்கு விலையாக இன்னொரு வீட்டில் என்ன நடந்ததோ என்றே நினைத்துக்கொண்டு இருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இப்பவே போய்ப் பார்த்திட்டு வாங்கோ" என்றாள். மிட்வைஃப் அக்கா அவளோடு இருந்தார். ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு வெளிக்கிட்டேன். அந்த ஐந்து மைல் தூரத்தைப் போல நீளமான தூரம் என் வாழ்க்கையில் இல்லை.

அவருடைய ஒழுங்கையில் திரும்பினேன். அவர் வீட்டுப் பின்வளவில் பெரிய குழி. வீட்டுக் கூரையில் பாதி ஓடு இல்லை. அயலில் ஒரு மனிதரும் இல்லை. எல்லாரும் நேற்றே கோயிலடிக்கு ஓடியிருந்தார்கள். படலையைத் தள்ளித் திறந்தேன்.

அப்போது உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. "ஆர் அது? ஒருக்கால் உள்ளை வாரும்!"

முதல் முறையாக அந்த வீட்டுக்குள் போனேன். அறைக்குள் ஒரு கட்டில். கட்டில் நிறைய உடைந்த ஓடும், முறிந்த ஒரு கூரைச் சிலாகையும். தலையணை இருக்க வேண்டிய இடத்தில்தான் அந்தச் சிலாகை குத்தி நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இஞ்சாலை, இஞ்சாலை" என்றார்.

நடுக்கூடத்தில் பாலை மரத்தில் செய்த கனமான சாப்பாட்டு மேசை. அதன் மேலும் ஓடுகள். அதன் கீழே மெத்தை, அதைச் சுற்றி நெல்லு மூட்டைகள். மெத்தையில் ஒரு மெலிந்த அம்மா. தலைமயிரில் புழுதி. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தது.

"நேற்றைக்குத் தனிய இழுத்துக் கீழை விட்டிட்டன். இப்ப வெளியிலை எடுக்கத்தான் எனக்குத் தனிய ஏலாமல் கிடக்கு. இடுப்பு நாரி பிடிச்சிட்டுது. ஒரு கை பிடியும்" என்றார்.

அவர் கேட்ட பத்து நிமிடம் எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கட்டிலிலிருந்து மெத்தையோடு அந்த அம்மாவை இழுத்து, மேசைக்குக் கீழே கிடத்தி, மூட்டைகளை அடுக்கி, ஏதும் நடந்தால் யாராவது உள்ளே வரட்டும் என்று கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறார். நான் வெளியே நின்று கத்திக்கொண்டு இருந்தேன். உள்ளே போய் ஒரு கை கொடுத்திருந்தால் பாதி நேரத்தில் முடிந்திருக்கும். என் கத்தலுக்குப் பயந்து அவர் அப்படியே வந்திருந்தால்...

இருவருமாக அந்த அம்மாவை வெளியே எடுத்தோம். நான் அழத் தொடங்கினேன்.

"ஏன் ஐயா ஒரு வார்த்தை சொல்லேல்லை? உதவிக்கு வா எண்டு கூப்பிட்டிருக்கலாமே?"

"இவவுக்குத் தன்னை இந்தக் கோலத்திலை ஒருத்தரும் பார்க்கிறது விருப்பமில்லை. பள்ளிக்கூடத்திலை டான்ஸ் ரீச்சரா இருந்தவ" என்றார். "இண்டைக்கு ஆர் வந்தாலும் கூப்பிடலாமோ எண்டு கேட்டனான். ஓம் எண்டவ."

தேத்தண்ணிக் கடையில் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் அந்த அம்மாவின் தலைமயிரில் இருந்த புழுதியை விரலால் தட்டிக்கொண்டே சொன்னார். "அதை விடும். அண்டைக்கு வீட்டை வந்து, நீர் எப்பிடி என்னைப் போலப் பேசினீர் எண்டு இவவுக்குச் செய்து காட்டினனான். வருத்தம் வந்த பிறகு இவ சத்தம் போட்டுச் சிரிச்சது அண்டைக்குத்தான்."

அந்த அம்மாவின் வாய் ஒரு பக்கம் கோணியது. சிரிக்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. என்னவோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. "பிள்ளை என்ன பிள்ளை எண்டு கேக்கிறா" என்றார் அவர்.

அதன்பிறகு இரண்டு வருடம், அந்த அம்மா கண்மூடும் வரை, ஒன்றைவிட்ட ஒரு நாள் பின்னேரம் நான் போவேன். முதுகில் புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று அவரிடம்தான் பழகினேன். வீதியால் ஒலிபெருக்கி கட்டின வாகனம் போனால் அவர் எழும்பி யன்னலைச் சாத்துவார். நாங்கள் அரசியல் கதைத்ததே இல்லை. கஞ்சி பதமா, மருந்து எங்கே கிடைக்கும், என் மகள் தவழுகிறாளா என்பவைதான் எங்கள் கதை.

ஒருவர் எந்தப் பக்கம் நின்றார், என்ன பேசினார் என்பதை வைத்து அவரை அளந்து முடித்துவிடுகிற பேச்சுகள் இப்போதும் என் காதில் விழுகின்றன. நானும் வாய் திறக்கப் போவேன். உடனே என்னையே கேட்டுக்கொள்வேன், பேச்சில் அடிபடுகிற அந்த மனிதரின் வீட்டுக்குள் ஒரு நாளாவது நான் போய்ப் பார்த்திருக்கிறேனா என்று.