தப்பில்லாமல் சொன்னேன்

1991 ஜூனில் எங்கள் அம்மா ஒன்பது நாள் ஒரு பள்ளிக்கூட கேட்டுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். களை எடுக்கிற வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்க அவளுக்குத் தைரியம் கிடையாது. அவளோடு இன்னும் நாற்பது ஐம்பது பேர். எல்லோருக்கும் ஒரே கவலைதான். ஆறாம் வகுப்பில் இடம் கிடைத்தவர்களின் லிஸ்ட்டை எப்போது ஒட்டுவார்கள்?

அது சிஸ்டர்கள் நடத்திய பெண்கள் பள்ளி. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிப் போகவேண்டும். எங்கள் பென்னலூர் காலனியில் பெண்பிள்ளையின் படிப்பு ஐந்தாவதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்கத் தூரம் போகவேண்டும், தூரம் போனால் கெட்டுப்போவாள் என்பார்கள். செங்கல் சூளையும் தூரம்தான். அங்கே போனால் மட்டும் யாரும் கெட்டுப்போக மாட்டார்கள். என் அக்கா ஐந்தாவது முடித்த மறுவாரமே சூளைக்குப் போனாள். எனக்கு இந்தப் பள்ளியில் இடம் கிடைக்காவிட்டால் நானும் கல் சுமக்க வேண்டியதுதான். இதை வீட்டில் யாரும் மறைக்கவில்லை. சோறு போடும்போதே சொல்வார்கள்.

மே மாதக் கடைசியிலேயே லிஸ்ட் வந்திருக்க வேண்டும். அந்த மே மாதம் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பொதுக்கூட்டத்தில் என்ன நடந்தது என்று உலகத்துக்கே தெரியும். அதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு அதனால் ஆனது இரண்டு. ரோடு முழுக்க போலீஸ் நின்று போகிறவன் வருகிறவனையெல்லாம் பேர் கேட்டது. லிஸ்ட் தள்ளிப்போனது.

"இன்னைக்கு இல்லம்மா. நாளைக்கு வா," என்பார் வாட்ச்மேன்.

"நேத்தும் இதையேதான சொன்ன?"

"நான் இன்னா பண்றது? லிஸ்ட்டு இன்னா என் ஜோபுலயா கீது?"

கேட்டுக்கு எதிரே காத்திருந்தவர்களில் ரேஷன் கடைக்காரர் மனைவி ஒருத்தி. குடை வைத்திருந்தாள், அதனால் நிழலுக்கு அலைய வேண்டியதில்லை. அவள் ஒருநாள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அம்மாவிடம் சொன்னாள்: "உங்களுக்கு இன்னாம்மா, நீங்க மாதா கோயில் ஆளுங்க. ஃபாதர் ஒரு லெட்டர் குடுத்தா சீட்டு. எங்க புள்ளைங்கதான் மார்க்கு வாங்கணும்."

பஸ்ஸில் என்னோடு திரும்பும்போதுதான் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அதே ஃபாதரு பூசையில நம்பள எந்தப் பக்கம் குந்த வெக்கிறாருன்னு அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

லெட்டர் இருந்தது உண்மைதான். ஆனால் லெட்டர் மட்டும் போதாது என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். காரணம் நான். ஏப்ரலில் பெரிய சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, பேர் கேட்டு, செபம் சொல்லச் சொன்னார். பரலோக மந்திரத்தை நன்றாகத்தான் ஆரம்பித்தேன். பாதியில், மன்னிப்புக் கேட்கிற இடத்தில், யார் யாரை மன்னிக்கிறார்கள் என்பது குழம்பி நின்றுவிட்டேன். சிஸ்டர் சிரித்துக்கொண்டே "போதும்" என்றார். அந்தப் 'போதும்' எங்கள் வீட்டில் யாரையும் இரண்டு மாதம் தூங்கவிடவில்லை.

அதனால் இன்டர்வியூ முடிந்த பிறகு என் இன்டர்வியூ ஆரம்பித்தது. இதை வெளியாட்கள் கேட்டால் சிரிப்பார்கள். முடிந்துபோன ஒன்றுக்கு என்ன பயிற்சி? "மறுபடி கூப்டு கேட்டாலும் கேப்பாங்க," என்றாள் அம்மா. காத்திருக்கிறவர்களுக்கு எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பைத்தியம் பிடிக்கும்.

சித்தப்பாதான் சிஸ்டர். கவிழ்த்துப்போட்ட உரலின் மேல் உட்கார்ந்து, துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, குரலை மெலிதாக்கிக் கேட்பார்.

"வா கண்ணு. உன் பேர் இன்னா?"

"லூர்து மேரி, சிஸ்டர்."

"சாமிகிட்ட இன்னா சொல்லுவ? சொல்லு பாக்கலாம்."

நான் கைகளைக் கூப்பி, கண்ணை மூடி, ஒப்பிப்பேன். மன்னிப்பில் வந்து சிக்கிக்கொள்வேன். "போச்சு! சூளைக்குப் போ!" என்று சித்தப்பா முக்காட்டை உருவி வீசுவார். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிடும். அந்த இரண்டு மாதத்தில் வீட்டில் சிரித்தது அந்த ஒரு விளையாட்டுக்குத்தான்.

லூர்து மேரி என்பது கோவிலில் வைத்த பெயர். பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்து ரெஜிஸ்டரில் நான் சாந்தி, இந்து ஆதி திராவிடர். எங்கள் வீட்டில் அத்தனை பேருக்கும் இப்படி இரண்டு பெயர். ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான் என்பது சிஸ்டர்களுக்கும் தெரியும், அவர்கள் அதைப் பெரிதுபடுத்தியதில்லை. எங்களுக்கு இது பொய் என்றும் தோன்றியதில்லை. சர்க்காருக்கு ஒரு பெயர், சாமிக்கு ஒரு பெயர். மாதாவைக் கும்பிட்டால் நாங்கள் எஸ்.சி. இல்லை என்று சட்டம் சொன்னது. டீக்கடையில் எங்களுக்குத் தனி கிளாஸ் வைத்தவன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று கேட்டு வைக்கவில்லை. சட்டம் போட்டவன் அந்த டீக்கடையில் டீ குடித்திருக்க மாட்டான்.

அந்தச் சமயத்தில்தான் சித்தப்பாவுக்கு எம்ப்ளாய்மென்ட் ஆபீஸிலிருந்து கார்டு வந்தது. அவர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்து மூன்று வருஷம் சும்மா இருந்தவர். சர்க்கார் பஸ் டிப்போவில் வேலை, எஸ்.சி. கோட்டா. பழைய சாதிக் காகிதம் செல்லாது, தாலுகா ஆபீஸில் புது சாதி அட்டை வாங்கி வரும் திங்கட்கிழமைக்குள் காட்ட வேண்டும். அட்டை கொடுப்பதற்கு முன்னால் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதாவது ஆர்.ஐ., வீட்டுக்கு வந்து விசாரிப்பார். இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பத்து வயதுப் பெண்ணிடம் எதற்குச் சொல்வது என்று நினைத்திருப்பார்கள். அன்றைக்கு என்னை அப்புறப்படுத்தினால் போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை அம்மா கேட்டுக்கு வரவில்லை. "நீ அத்தையோட போ, நம்ம இடத்தப் பாத்துக்கோ," என்று பக்கத்து வீட்டு அத்தையோடு என்னை அனுப்பினாள். எனக்கு ஒரே பெருமை. பெரிய மனுஷி மாதிரி அம்மாவின் இடத்தில் உட்கார்ந்தேன்.

மத்தியானம் வாட்ச்மேன் வெளியே வந்தார். முதல் முறையாக அவர் முகத்தில் எரிச்சல் இல்லை. "நாளைக்குக் காலையில ஒட்டிடுவாங்க. சிஸ்டரே சொன்னாங்கோ. எல்லாம் கெளம்புங்க."

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அத்தையை விட்டுவிட்டு ஓடினேன். சேதியை நான்தான் முதலில் சொல்ல வேண்டும்.

வீட்டில் நடந்திருந்தது இது. மாதா படம் அரிசிப் பானைக்குள் போயிருந்தது. வாசல் நிலைக்கு மேலிருந்த குருத்தோலைச் சிலுவையைப் பிய்த்து அடுப்பில் போட்டிருந்தார்கள். அம்மா நெற்றியில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். சுவரில் எங்கேயோ வாங்கிவந்த முருகர் காலண்டர். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கடைசி நிமிஷத்தில் ஆபீசருக்கு உட்கார நாற்காலி இல்லை என்று அப்பாவுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. ஓடிப்போய், திறந்திருந்த ஒரே இடத்திலிருந்து ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிவந்தார். திறந்திருந்த இடம் கோவில். நாற்காலியின் முதுகில் வெள்ளை பெயின்ட்டில் 'மாதா ஆலயம்' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்தபோது ஆர்.ஐ. வாசலுக்கு வந்துவிட்டார். அப்பா சட்டென்று நாற்காலியைத் திருப்பிச் சுவரோடு ஒட்டிப்போட்டு, "குந்துங்க சார்" என்றார்.

நான் நுழைந்தபோது ஆர்.ஐ. அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சுவர் எழுத்தை மறைத்திருந்தது. அப்பா, அம்மா, சித்தப்பா மூன்று பேரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரின் உயிரும் அந்த நாற்காலியில் இருந்தது. என்னை யாரும் கவனிக்கவில்லை.

"வூட்டுல இன்னா சாமி கும்புடுவீங்க?"

"முருகரு, சார்," என்றார் அப்பா.

"யம்மா! நாளைக்கு லிஸ்ட்டு போடறாங்களாம்!" என்று நான் கத்தினேன்.

ஆர்.ஐ. திரும்பினார். நல்ல மனுஷன் முகம். அதை இன்றைக்கும் சொல்வேன்.

"இன்னா லிஸ்ட்டு பாப்பா?"

"சிஸ்டருங்க ஸ்கூல் லிஸ்ட்டு, சார்."

"அடேங்கப்பா. பெரிய ஸ்கூலாச்சே. உன் பேர் இன்னா?"

நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் பேர் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு இரண்டு மாதமாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நேராக நின்றேன். "லூர்து மேரி, சார்." அவர் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள், மறுபடி கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று அம்மா சொன்னது இவரைத்தான் என்று முடிவுகட்டி, கை கூப்பிக் கண்ணை மூடினேன்.

அம்மா "ஏய்" என்றது கேட்டது. தப்பு செய்துவிடப் போகிறேன் என்று பயப்படுகிறாள் என நினைத்தேன். அதனால் இன்னும் கவனமாக, இன்னும் சத்தமாகச் சொன்னேன். மன்னிக்கிற இடம் வந்தது. நிற்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தடங்கலும் இல்லாமல் ஆமென் வரைக்கும் போனேன்.

கண்ணைத் திறந்தபோது ஆர்.ஐ. பேனாவைத் திறந்திருந்தார். "கெட்டிக்காரப் பொண்ணு. நல்லா படி," என்றார் என்னிடம். பிறகு சித்தப்பாவிடம், "கிறிஸ்டியன்னா பி.சி.தாம்பா. நான் இன்னா பண்றது, சொல்லு. எனக்கும் மேல ஆளு கீறாங்க."

அப்பாதான் "சார், கொயந்த சார், எவனோ சொல்லிக் குடுத்தது சார்" என்று பின்னாலேயே வாசல்வரை போனார். ஆர்.ஐ. எழுந்து போனபோது நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை.

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். "தப்பில்லாம சொன்னேனா?" என்று கேட்க வாயெடுத்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு நன்றாகச் சொல்லியும் ஒருத்தரும் பாராட்டவில்லையே என்று அழுதேன். அம்மா என்னை அடிக்கவில்லை. அரிசிப் பானைக்குள் கையை விட்டு மாதாவை வெளியே எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டித் தட்டிப் பானையிலேயே போட்டாள்.

திங்கட்கிழமை வந்து போயிற்று. அட்டை வரவில்லை. அந்த வேலை போனது, அதற்குப் பிறகு அப்படி ஒரு கார்டு அவருக்கு வரவே இல்லை. சில வருஷம் கழித்து இருங்காட்டுக்கோட்டைக்குக் கம்பெனிகள் வந்தபோது சித்தப்பாவுக்கு வயது தாண்டிவிட்டது என்றார்கள். மெஷினைத் தொடவேண்டிய கை அங்கே ஒரு கேட்டில் செக்யூரிட்டியாக நின்று, உள்ளே போகிறவன் பேரை நோட்டில் எழுதியது. நான் படித்தேன், வேலைக்குப் போனேன், இன்றைக்கு இதை உட்கார்ந்து எழுதுகிறேன். அவராக ஒரு தடவைகூட அந்த வியாழக்கிழமையைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்கு முன்னாலேயே விளங்கியிருக்கும்.

அந்த வியாழனுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. சித்தப்பா எங்கேயிருந்தோ இரவல் சைக்கிள் கொண்டுவந்து என்னைக் கேரியரில் ஏற்றிக்கொண்டார். அம்மா பஸ்ஸில் வந்தாள். கேட்டுக்கு உள்ளே சுவரில் லிஸ்ட் ஒட்டியிருந்தது. எல்லோரும் முட்டித் தள்ளினார்கள். குடைக்காரம்மா குடையை எங்கேயோ போட்டுவிட்டு மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள் மகள் பெயர் இல்லை. யாரிடமோ "இன்னொரு லிஸ்ட்டு போடுவாங்களா?" என்று கேட்டாள். நேற்றுவரை எனக்கு அவளைப் பிடிக்காது. அன்றைக்கு அவள் குரலைக் கேட்க முடியவில்லை.

என் பெயர் இருந்தது. சித்தப்பாதான் கண்டுபிடித்தார். என்னைத் தூக்கிக் காட்டினார். 'லூர்து மேரி (சாந்தி)' என்று இரண்டையும் போட்டிருந்தார்கள்.

நான் குதித்தேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் லிஸ்ட்டைப் பார்க்கவில்லை, சித்தப்பாவைப் பார்த்து அழுதாள்.

"வுடு அண்ணி," என்றார் சித்தப்பா. "ஒண்ணாச்சும் கெடச்சுதே. எந்திரி."

திரும்பும்போது ஹைவேயில் போலீஸ் சைக்கிளை நிறுத்தியது. ஒரு கான்ஸ்டபிள் சித்தப்பாவின் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டு என்னைப் பார்த்தார். "பாப்பா பேரு?"

எதைச் சொல்வது என்று தெரியாமல் நான் சித்தப்பா முகத்தைப் பார்த்தேன்.

"சொல்லேன். லிஸ்ட்டுல இன்னா மொதல்ல போட்டுகீதோ அதையே சொல்லு."

சொன்னேன். போகச் சொன்னார்கள். கொஞ்ச தூரம் சித்தப்பா அழுத்தி மிதித்தார். முதுகுச் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. நேற்றுக் கேட்காமல் விட்டதை நான் கேட்டுவிட்டேன்.

"சித்தப்பா, நேத்து நான் தப்பில்லாம சொன்னேன் இல்ல?"

சைக்கிள் ஒரு மூச்சு தயங்கியது.

"ஒரு தப்பும் இல்லடி," என்றார். "கரீட்டா சொன்ன."

எனக்கு அது போதுமாக இருந்தது. கேரியரில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, அவருக்குக் கேட்கிற மாதிரி முதலிலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தேன். பென்னலூர் வரும்வரை சொன்னேன். அவர் நிறுத்து என்று சொல்லவே இல்லை.