லிஃப்டில் ஒன்பதாவது ஆள்

எங்கள் அப்பா எட்டு மாடி அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் லிஃப்ட் ஓட்டினார். உள்ளே ‘எட்டுப் பேர் மட்டும்’ என்று எழுதியிருக்கும். எட்டுப் பேரை எண்ணி ஏற்றிக் கதவைச் சாத்துவார். தன்னை எண்ண மாட்டார். ஓட்டுகிறவன் ஆள் கணக்கில் வரமாட்டான் என்பது அவர் கட்சி.

அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்தது. நாங்கள் ஐந்து பேர். கடைக்கு அனுப்பினால் நாலு பன்னோடு வருவார்.

"உங்களுக்கு எங்கேங்க?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

"அட, மறந்தே போச்சு," என்பார். அம்மா தன் பன்னில் பாதியைப் பிய்த்து அவர் கையில் திணிப்பாள்.

அவருடைய ஐம்பத்தெட்டாவது வயதில் புது லிஃப்ட் மாட்டினார்கள். பாரம் கூடினால் அதுவே மணியடிக்கும். முதல் நாள் எட்டுப் பேரை ஏற்றினார், மணியடித்தது. எல்லோரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தார்கள்.

"நீங்க போங்க சார்," என்று அப்பா இறங்கிக்கொண்டார்.

யாரோ பட்டனை அமுக்கினார்கள். லிஃப்ட் ஒழுங்காக மேலே போய்ச் சேர்ந்தது. ஓட்டுவதற்கு ஆளே தேவையில்லை என்பது ஆபீசுக்கு அப்படித்தான் தெரிந்தது. மறு மாதமே அவரை அனுப்பிவிட்டார்கள்.

கடைசி நாள் சாயங்காலம் ஐந்து பன்னோடு வந்தார். அம்மா இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"இனிமே நானும் ஒரு ஆளுதானே," என்றார்.