சுண்ணாம்புக் கோட்டுக்குள் நின்றபோது

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மாடியில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் ஆபீஸ். கட்டடத்துக்குப் படம் போட்டுக் கொடுக்கிற ஆபீஸ். அதை நடத்தும் அம்மா, கம்ப்யூட்டரில் வரைகிறவர் ஒருவர், நான். பெருக்குவதும் டீ போடுவதும் என் வேலை; எல்லாருக்கும் நான் ஆயாம்மா. படிப்பு அஞ்சாவதோடு சரி. நாலு பேர் முன்னால் வாய் திறப்பதென்றால் இந்த வயதிலும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

அந்த அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. படம் முடிந்ததும், கட்டப்போகிற இடத்திலேயே சுண்ணாம்புப் பொடியால் முழு அளவுக்குக் கோடு போடுவார். இது வாசல், இது அடுப்பு, இது ஜன்னல் என்று. அதற்குள் ஆட்களை நடக்கவிட்டுப் பார்ப்பார். சமையலறை என்றால் என்னையும் கூட்டிப் போவார். சிமெண்ட் குறைய வேண்டும், இடித்த வீட்டுச் செங்கலும் ஓடும் வீணாகக் கூடாது, ஃபேன் இல்லாமலே காற்று வர வேண்டும் என்றெல்லாம் யோசிக்கிறவர். "ஆனா உள்ள நின்னு வேக்காட்டுல வேகப்போறது நான் இல்லையே" என்பார்.

முதல் தடவை போன இடத்தில், பாத்திரம் கழுவும் தொட்டி தாழ்வாக இருக்கிறது, இடுப்பு போய்விடும் என்று மெதுவாகச் சொன்னேன். அங்கேயே படத்தைத் திருத்திவிட்டார். வரைகிறவர் சும்மா இருக்காமல், "இனிமே ஆயாம்மாதான் நமக்கு இன்ஜினியர். நான் போயி டீ போடுறேன்" என்றார். பிரியமாகத்தான் சொன்னார். ஆனால் கொத்தனார், வீட்டுக்காரர் எல்லாரும் சிரித்தார்கள். பஸ் ஏறும்வரை நான் தலை நிமிரவில்லை. அடுத்த தடவை எதுவாக இருந்தாலும் நல்லா இருக்கு என்று சொல்லிவிடுவது என்று அன்றைக்கே மனதில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த தடவை என்பது ஒட்டன்சத்திரத்தில் வந்தது. காய்கறி மார்க்கெட்டில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர்களுக்குச் சோறு ஆக்கிக் கொடுக்கிற ஒரு பெண், தனக்குச் சமையல் கொட்டகை கட்டினாள். நாற்பது வயதிருக்கும். விறகு அடுப்புதான். கிழக்கே பக்கத்து இடத்துக்காரர் சுவர். அதை ஒட்டி அடுப்பு. மேற்கே செங்கலுக்குச் செங்கல் ஓட்டை விட்டுக் கட்டும் சுவர். காற்று அந்த வழியாக வரும், புகை கூரை இடைவெளியில் ஏறிப்போகும். அதுதான் படம். நாங்கள் போனது சித்திரை மாதம். ஒரு இலை அசையவில்லை.

கோட்டுக்குள் அடுப்பு இருந்த இடத்தில் நின்றேன். நின்றதும் தெரிந்துவிட்டது. நான் வாழ்க்கைப்பட்டுப் போனது கீரனூர்ப் பக்கம். அங்கே எங்கள் அடுப்படியும் மேற்குப் பார்த்த திறப்புதான். ஆடிக்காற்று முதுகுப்பக்கம் நுழைந்து, எதிர்ச் சுவரில் முட்டி, புகையை அப்படியே முகத்தில் திருப்பி அடிக்கும். திறப்புக்கு வெளியே ரெண்டடி தள்ளித் தென்னங்கீற்றால் ஒரு தட்டி கட்டிய பிறகுதான் ஓய்ந்தது.

"எப்படி இருக்கு ஆயாம்மா?" என்றார் அந்த அம்மா.

நல்லா இருக்குங்கம்மா என்றேன். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, மறுபடியும் கேட்டார். கொத்தனார் நின்றார், வரைகிறவர் நின்றார், அந்தப் பெண்ணும் என்னையே பார்த்தாள். மறுபடியும் அதையே சொன்னேன்.

படத்தில் இருந்தபடியே கொட்டகை எழும்பியது. ஆடி பிறந்தது. அந்தப் பெண்ணிடமிருந்து போன் மேல் போன். புகை முகத்தில் அடிக்கிறது, நெருப்பு நிற்கவில்லை, சோறு நேரத்துக்கு ஆகவில்லை, மூட்டைக்காரர்கள் வேறு கடைக்குப் போகிறார்கள் என்று. ஓட்டைகளை உரச்சாக்கால் அடைத்தாளாம். அடைத்தால் கொட்டகை சூளையாகிவிடுகிறதாம். அந்த அம்மா தன் படத்தில்தான் தப்பு என்று ஒவ்வொரு தாளாக விரித்துவைத்துத் தேடிக்கொண்டிருந்தார். மத்தியானச் சோற்றையும் தொடவில்லை. டீயை வைத்துவிட்டு நான் நகரவில்லை.

"அந்தப் புகை வரும்னு எனக்கு அன்னைக்கே தெரியும்மா."

அவர் திட்டியிருக்கலாம். "ரெண்டு தடவ கேட்டேனே ஆயாம்மா" என்று மட்டும் சொன்னார். அப்புறம் கீரனூரில் நாங்கள் தட்டி கட்டிய விதத்தைக் கேட்டு, தாளில் கோடு போட்டார். மறுநாளே எங்களைக் கூட்டிப் போனார். ஓட்டைச் சுவருக்கு வெளியே, மீந்து கிடந்த செங்கலால் குறுக்கே ஒரு மறைப்புச் சுவர் எழும்பியது. காற்று அதில் மோதி, வேகம் செத்து, பக்கவாட்டில் நுழைந்தது. புகை மேலே ஏறியது.

அந்த அம்மா மறைக்கவில்லை. ஆயாம்மா சொன்ன யோசனை என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அதைத் தாங்க முடியாமல்தான், முன்னமே தெரியும் என்பதையும் சொன்னேன்.

"ஏனுங்கம்மா, தெரிஞ்சுமா சும்மா நின்னீங்க?"

கேலிக்குப் பயந்தேன் என்று அந்தக் கண்களைப் பார்த்து எப்படிச் சொல்வது? இமை ரெண்டும் தடித்து, ஓரம் சிவந்து கிடந்தது. புகை நின்ற பிறகும் நீர் வடிந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள், சரியாகும் என்கிறார்கள் என்றாள். எப்போது என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. இலை போட்டாள். சோற்றைக் குனிந்தபடியே பிசைந்துகொண்டிருந்தேன். அவள் வந்து எதிரே நின்றாள்.

"பொரியல்ல உப்பு சரியா இருக்குதுங்களா? கண்ணு தெரியாம கையில அள்ளிப் போட்டேன்."

வாயில் வைத்துப் பார்த்தேன். கூடத்தான் இருந்தது. எல்லாரும் கேட்கும்படி, "கரிக்குது தாயி" என்றேன்.

"இத மட்டும் டக்குனு சொல்லிப்போட்டீங்க" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பின் பக்கம் திரும்பினாள்.