கம்போடியாவில் நான் போன செத்தவீடு

கிராம வாழ்க்கையைப் பார்க்கலாம் என்று நானும் கணவரும் லண்டனிலிருந்து கம்போடியாவுக்குப் போயிருந்தோம். நெல்வயல்களுக்கு நடுவே ஒரு குடும்பத்துடன் தங்கினோம். மறுநாளே பக்கத்து வீட்டு முதியவர் இறந்துவிட்டார்.

"நாங்கள் அறைக்குள்ளயே இருப்பம். முன்பின் தெரியாத ஆக்களின்ர செத்தவீடு," என்றார் கணவர்.

"அங்க சமைக்க ஆள் காணாது போல கிடக்கு. நான் போறன்," என்றேன்.

முதலில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் பாயில் பெண்களோடு உட்கார்ந்து, கத்தி கேட்டுக் கையை நீட்டினேன். ஒருத்தி சிரித்தபடி ஒரு பூசணிக்காயை என் பக்கம் உருட்டிவிட்டாள். மாலைவரை காய் வெட்டினேன். கடைசியில் இறந்தவரின் மகள் வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. அவளை அணைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

நாங்கள் ஊர் திரும்பிய சில வாரங்களில், லண்டன் ஹரோவில் எங்கள் எதிர்வீட்டு ஆங்கிலேயப் பெண்ணின் கணவர் காலமானார். இத்தனை வருடங்களில் அவளுக்குக் கையசைத்ததோடு சரி. முன்பென்றால் ஓர் அனுதாப அட்டையோடு முடித்திருப்பேன்.

"கூப்பிடாமல் போனால் என்ன நினைப்பாவோ?" என்றார் என் கணவர்.

"நினைச்சால் நினைக்கட்டும்."

போய்க் கதவைத் தட்டினேன். அவள் விலகி வழிவிட்டாள். சமையலறைத் தொட்டியில் கோப்பைகள் குவிந்திருந்தன. நான் கழுவத் தொடங்கினேன். சற்று நேரத்தில் அவளும் துணியோடு வந்து பக்கத்தில் நின்று துடைத்தாள். பிறகு தன் கணவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

அழைப்பு வரட்டும் என்று எத்தனை துக்க வீடுகளுக்கு நான் போகாமலே இருந்திருக்கிறேன்! இப்போதெல்லாம் காத்திருப்பதில்லை.